ஏழாம் பக்கம், மூன்றாம் பத்தி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நானும் உன் தம்பி மனைவியும் நலம். எனக்குச் சர்க்கரை மட்டும் ஏறுவதும் இறங்குவதுமாக விளையாடுகிறது. உன் முழங்கால் எப்படி? காது மிஷின் வாங்கினாயா, இல்லை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாயா? போன் பேசினால் நான் சொல்வது உனக்குக் கேட்பதில்லை, நீ திட்டுவது எனக்கு நன்றாகவே கேட்கிறது. ஆகையால் கடிதமே நல்லது.

நீ வேலை பார்த்த பல்கலைக்கழக நூலகத்தை இப்போது பார்த்தால் அடையாளம் தெரியாது. வாசலில் பையைச் சோதிக்கும் ஆள் இல்லை, கதவே பார்த்துக்கொள்கிறது. புத்தகம் எடுக்கவும் கொடுக்கவும் இயந்திரம். "பேசாதே" என்ற பலகையைக் கழற்றிவிட்டோம். நாலு பேர் கூடிச் சத்தம் போட்டுப் படிக்கக் கண்ணாடி அறைகள் கட்டியிருக்கிறோம். கண் தெரியாத பிள்ளைகளுக்குப் புத்தகம் தானே வாசித்துக் காட்டுகிறது. பாதிப் பேர் நூலகத்துக்கே வராமல் வீட்டிலிருந்தே படிக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் பதில் சொல்லும் வாசகர் சேவைப் பிரிவுக்கு உன் தம்பிதான் தலைவன்.

அடித்தளத்தில் இருந்த பழைய நாளிதழ்களை எல்லாம் படம் பிடித்துவிட்டோம். அவற்றில் என்ன செய்தி, எந்தத் தேதி, எந்தப் பக்கம் என்று சொல்லும் பழைய பொருளடைவு நூல் ஒன்று இருக்கிறது. அதைக் கணினியில் ஏற்றி, சொல்லைத் தட்டினால் அந்தப் பக்கமே திரையில் வரும்படி செய்கிறோம். செப்டம்பர் 20 திறப்பு விழா. அந்தக் காலத் தலைமை நூலகர் பெயரைப் படிப்பறைக்கு வைக்கிறார்கள். அவருக்கு எண்பத்தாறு வயது, விழாவுக்கு வருகிறார். விளம்பரத் தாள் ஒன்று வைத்திருக்கிறேன். அடுத்த வருஷம் ஓய்வு. போகும்முன் உருப்படியாக ஒன்று செய்தோம் என்றிருக்கும்.

நேரில் வரத்தான் ஆசை. வேலை விடவில்லை.

அன்புத் தம்பி


மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. முழங்கால் நலம் விசாரித்தாய், அது உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னது. சர்க்கரையை விளையாட விடாதே, அது விளையாட்டு இல்லை. உன் பெண்டாட்டி சொல்வதைக் கேள்.

வேலை வேலை என்று முப்பத்தெட்டு வருஷமாக நீ என் வாசலை மிதிக்கவில்லை. என் பெண்ணின் கல்யாணத்துக்கும் தந்திதான் வந்தது. போகட்டும்.

விளம்பரத் தாள் நல்ல வழவழப்பு. அதில் கணினித் திரையைப் படம் போட்டிருக்கிறார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். "பாலம் திறப்பு: மந்திரி வரவில்லை, மழை வந்தது. பக்கம் 2, பத்தி 5." படித்துவிட்டுச் சிரித்தேன். எழுதியவர் குறும்புக்காரர். பெரிய படிப்புப் படித்தவர்கள் இப்படி எழுத மாட்டார்களே என்றும் நினைத்துக்கொண்டேன்.

நானும் அந்த அடித்தளத்தில் பதினாலு வருஷம் பெருக்கித் துடைத்தவள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவை மூடிவிட்டுப் பழைய பேப்பரைப் புரட்டி, எது எங்கே இருக்கிறது என்று நோட்டில் எழுதி வைத்தவள். நான் படித்த அஞ்சாம் வகுப்பு அதற்குப் போதும். ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் மேலே போய்த் தேடிக் களைத்து, கடைசியில் என்னிடம் வந்து "அக்கா, அந்தப் பெரிய வெள்ளம் எந்த வருஷம்?" என்று கேட்பார்கள். துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுச் சொல்வேன்.

அந்தப் பத்தொன்பது நோட்டும் குழாய் உடைந்து நனைந்துபோயிற்று, குப்பை வண்டியில் ஏற்றியாயிற்று என்று நீதானே வந்து சொன்னாய்? அதற்குப் பிறகு எனக்கு அந்தப் படியில் இறங்கவே பிடிக்காமல் போய், ஒரு மாதத்தில் வேலையை விட்டேன். எந்தக் குழாய் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது. அவசரமில்லை, ஆற அமர எழுது.

இன்னொன்று. வெளி ஆட்களுக்கும் உறுப்பினர் அட்டை உண்டாமே, தாளில் போட்டிருக்கிறது. எனக்கு ஒன்று வேண்டும். முன்பு உன் தலைமை நூலகரிடம் அட்டை கேட்டேன். "துடைக்கிறவங்களுக்கு எதுக்கும்மா அட்டை? தூசிக்குப் படிக்கத் தெரியுமா?" என்றார். தூசி தட்டுகிறவளுக்குத் தெரியும் ஐயா என்று சொல்ல வாய் வந்தது, வேலை போய்விடும் என்று விழுங்கினேன். இன்னும் செரிக்கவில்லை.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் தம்பி மனைவி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அட்டை இத்துடன் இருக்கிறது. வெளி வாசகர், முதியோர் பிரிவு. நீ அனுப்பிய புகைப்படத்தில் ஏன் இப்படி முறைக்கிறாய்? உன் பேத்தி எடுத்தாளா? அட்டை எண்ணைச் சொன்னால் ஒரே சமயத்தில் நாலு புத்தகம் தபாலில் வீடு தேடி வரும். பழைய பத்திரிகைப் பக்கம் வேண்டும் என்றால் நகலும் அனுப்புவோம். சந்தேகம் எதுவானாலும் எழுத்தில் கேட்கலாம், எழுத்திலேயே பதில் வரும். கூடவே வாசகர் கையேடு வைத்திருக்கிறேன். நல்ல கதைப் புத்தகங்கள் நிறைய வந்திருக்கின்றன, பட்டியல் அனுப்பட்டுமா? சமையல், மருத்துவம் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கின்றன.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் நிறையக் குடி.

அன்புத் தம்பி


ஏப்ரல் 24

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா. நலம். தண்ணீர் குடிக்கிறேன். முழங்காலுக்கும் தண்ணீருக்கும் சம்பந்தம் இல்லை என்றாலும் தம்பி சொன்னானே என்று குடிக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாய், குழாயைத் தவிர.

அட்டையைத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். கதைப் புத்தகம் வேண்டாம், கதை இருக்கிறது. முதல் புத்தகமாக உங்கள் பொருளடைவைக் கேட்டு எழுதிப்போட்டேன். ஆறே நாளில் வந்தது. சேவை பிரமாதம், தலைவருக்குச் சொல்.

முன்னுரை படித்தேன். "ஒன்பது ஆண்டுகள் என் பகலுணவு வேளைகளைத் தியாகம் செய்து, நாளிதழ்களின் தூசிக்கு நடுவே அமர்ந்து, ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகளை என் கையாலேயே எழுதினேன்" என்கிறார் உன் தலைமை நூலகர். அவர் பகலில் எங்கே சாப்பிடுவார் என்று எனக்குத் தெரியும். மேலே தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, கை கழுவத் தண்ணீர்கூட ஆள் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனவள் நான். என் நோட்டை எடுத்தது ஒரு பக்கம், என் பசியைக்கூடவா திருடுவார் ஒரு மனுஷன்?

முன்னுரைக்கு அப்பால் ஒரு வரிகூட அவர் கை இல்லை. "வழக்கு: பசு யாருடையது என்று பசுவையே கேட்டார் நீதிபதி." "திருமணம்: மாப்பிள்ளை தாமதம், பெண் அவசரம்." என் கிறுக்கு எனக்குத் தெரியாதா? பெற்ற பிள்ளைக்கு வேறொருத்தர் சட்டை போட்டுவிட்டால் தாய்க்கு அடையாளம் தெரியாமல் போகுமா?

ஒரு பழைய நாள் சொல்கிறேன். புத்தகம் ஒன்று காணோம் என்று வாசலில் என்னை நிறுத்தி, மாணவர்கள் எல்லாம் பார்க்க, பையைக் கொட்டச் சொன்னார். கொட்டினேன். டப்பா, சீப்பு, மாற்றுத் துணி, உனக்கு வாங்கிய பேனா. "நல்லா உதறும்மா, உதறு" என்றார். உதறினேன். மறுநாள் அந்தப் புத்தகம் அவர் மேசைக்கு அடியில் கிடந்தது. பெருக்கும்போது நான்தான் எடுத்துக் கொடுத்தேன். "ம்" என்றார். அந்த "ம்" என் காதில் இன்னும் இருக்கிறது. காது போனாலும் அது போகவில்லை.

இத்துடன் நகல் கோரும் படிவம் வைத்திருக்கிறேன். பொருளடைவில் 214ஆம் பக்கத்தில் ஒரு மரணச் செய்தி இருக்கிறது. வருஷம் படிவத்தில் இருக்கிறது; அக்டோபர் 11, பக்கம் 7, பத்தி 3. அந்தச் செய்தி வந்த பத்திரிகைப் பக்கம் எனக்கு வேண்டும். எழுத்தில் பதில் வேண்டும். கையெழுத்தோடு.

அக்கா


மே 12

பல்கலைக்கழக நூலகம்
வாசகர் சேவைப் பிரிவு

அம்மையீர்,

தாங்கள் கோரிய நாளிதழ்ப் பக்கத்தின் நகலை வழங்க இயலாமைக்கு வருந்துகிறோம். அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் காரணமாகத் தாங்கள் குறிப்பிட்ட ஆண்டில் அக்டோபர் 9 முதல் 14 வரை அந்நாளிதழ் வெளிவரவில்லை என எமது இருப்புப் பதிவேடு காட்டுகிறது. எனவே தாங்கள் குறிப்பிடும் பக்கம் எங்கும் இருப்பதற்கில்லை.

எமது சேவையைத் தொடர்ந்து பயன்படுத்துமாறு வேண்டுகிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
பிரிவுத் தலைவர்


மே 19

தம்பிக்கு,

அம்மையீர் எழுதுவது. அம்மையீர் நலம். தாங்கள் நலமா?

கூடப் பிறந்தவளை "அம்மையீர்" என்று எழுதும்போது கை கூசவில்லையா? எனக்குத் தெரியும், கூசியிருக்கும். கையெழுத்தின் கடைசிச் சுழி நடுங்கியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பொய் மதிப்பெண் காட்டியபோதும் உனக்கு அந்தச் சுழி இப்படித்தான் நடுங்கியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் நூலகமே எழுத்தில் கொடுத்துவிட்டது, அப்படி ஒரு பக்கமே இல்லை என்று. இல்லாத பக்கத்தை ஒன்பது வருஷம் சோறு தியாகம் செய்து படித்தாரே ஒருத்தர், எப்படி? 214ஆம் பக்கத்தை எடுத்து வைத்துக்கொள். நான் பார்க்காமலே சொல்கிறேன்:

"மறைவு: நாரையார், நூலக அறிஞர். அடுக்குகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்று தவம் செய்தவர். அழுதவர் எவருமில்லை."

என் பையை உதறச் சொன்ன அன்று மத்தியானம் நான் எழுதியது. பேப்பர் வராத நாளாகப் பார்த்து எழுதினேன், பத்திரிகைக்காரன் மேல் பொய்ப் பழி வரக் கூடாது இல்லையா? நாரை என்றால் யார் என்று கீழே இருந்த நாலு பேருக்குத்தான் தெரியும். நீட்டுக் கால், சத்தமில்லாத நடை, உட்கார்ந்திருக்கும் வேலையாளைக் கொத்த அடுக்குக்கு அடுக்கு காத்து நிற்கும் கழுத்து. பேர் வைத்தது புத்தகம் தைத்து அட்டை போடும் பைண்டர் அண்ணன். லிஃப்ட்காரர் போய்ச் சேர்ந்தார். பைண்டர் இருக்கிறார், நான் இருக்கிறேன். நாலாவது ஆள், எங்களோடு உட்கார்ந்து என் டப்பாவில் கை விட்டுச் சாப்பிட்டுச் சிரித்தவன், தற்காலிகத் தட்டச்சராக இருந்த நீ.

தன் சாவைத் தானே அச்சடித்து, அட்டை போட்டு, முன்னுரையும் எழுதி வைத்திருக்கிறார் உன் பெரியவர். படித்துப் பார்க்கவே இல்லை. படித்திருந்தால் பிழைத்திருப்பார்.

இதைச் சொல்ல எனக்குப் பெருமை இல்லை, தெரிந்துகொள். ஆறாயிரத்து நானூற்றுப் பதினொன்றில் ஒரு பக்க எண்கூடத் தப்பியிருக்காது. என் அட்டவணையில் ஒரு பொய் இருக்கிறது என்று என் வாயால் சொல்வது, சபையில் மறுபடி பையை உதறுவது போலத்தான். உதறுகிறேன். இந்த முறை என்ன விழுகிறது என்று அவர் பார்க்கட்டும்.

நீ அனுப்பிய வாசகர் கையேட்டை மூன்று தடவை படித்தேன். பக்கம் 9: நூலகப் பட்டியலில் பிழை காணும் எந்த வாசகரும் திருத்தம் கோரலாம். படிவம் நிரப்பி வைத்திருக்கிறேன். "தொகுத்தவர்" என்ற இடத்தில் அவர் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட வேண்டும். செப்டம்பர் 20க்கு முன்னால் போட வேண்டும். அவர் பெயரை மேடையில் கூப்பிடும் முன்னால். ஆதாரம் ஒன்று, அந்தப் பதிவு. ஆதாரம் இரண்டு, உன் கையெழுத்திட்ட கடிதம். மூன்றாவதாக, நூல் எப்படி உண்டானது என்பதை நேரில் அறிந்த ஒருவரின் சான்று வேண்டுமாம்.

அந்த ஒருவர் யார் என்று நான் எழுத மாட்டேன். நீ எழுது.

அக்கா


ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

ஏழு வாரம் பதில் எழுதாமல் இருந்தேன். தினமும் எழுதினேன், தினமும் கிழித்தேன். குழாய் உடையவில்லை அக்கா. எந்தக் குழாயும் உடையவில்லை.

உன் துடைப்ப அலமாரியின் சாவி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பது தலைமை நூலகருக்குத் தெரிந்திருந்தது. "நோட்டையெல்லாம் மேல கொண்டு வா, பாத்துட்டுத் தரேன்" என்றார். கொண்டு போனேன். ஒரு வாரம் கழித்து, "இதை டைப் அடிக்கணும், ஆறேழு மாசம் ஆகும். முடிச்சா உன் வேலை நிரந்தரம்" என்றார். அக்காவிடம் என்ன சொல்ல என்று கேட்டேன். "ஏதாவது சொல்லுப்பா, அவங்களுக்கு என்ன புரியப்போகுது?" என்றார். குழாய் என் யோசனை. அதையும் மறைக்கவில்லை.

ஏழு மாதம் உன் எழுத்தைப் பார்த்துப் பார்த்து அடித்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் நீ பேசுவது கேட்டது. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். 214ஆம் பக்கத்துக்கு வந்தபோது விரல் நின்றுவிட்டது. நாரையார். எடுத்துவிடு என்று ஒரு மனம் சொன்னது. எடுத்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. நான் எடுக்கவில்லை. தைரியம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். உன் பெயரை எங்கும் அடிக்க முடியாதவன், உன் கோபத்தையாவது அடித்து வைத்தேன்.

இந்த வருஷம் கணினிப் பெண் வந்து, "சார், எல்லாப் பதிவுக்கும் பக்கம் கிடைச்சிருச்சு. ஒண்ணே ஒண்ணு மட்டும் எங்கயும் ஒட்ட மாட்டேங்குது. தூக்கிரட்டுமா?" என்று கேட்டாள். "இருக்கட்டும்மா" என்றேன். அன்று மாலைதான் உனக்கு அந்த விளம்பரத் தாளை அனுப்பினேன்.

அக்கா, உன் காலில் விழுந்து கேட்கிறேன். அவர் எண்பத்தாறு வயதுக் கிழவர், சக்கர நாற்காலி. எனக்கு ஓய்வு பெற எட்டு மாதம். சான்று எழுதினால் முப்பத்தெட்டு வருஷத்துக்கும் நான் திருடனுக்குச் சாவி கொடுத்தவன். விழா முடியட்டும். நான் ஓய்வு பெறட்டும். அதற்கப்புறம் உன் பெயரைச் சத்தமில்லாமல் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன், சத்தியமாக. உன் திருத்தப் படிவம் என் இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது.

தம்பி


ஜூலை 15

தம்பிக்கு,

நலம்தான்.

சத்தமில்லாமல் திருடினீர்கள், சத்தமில்லாமல் திருப்பித் தருவீர்களா? என் பையைச் சத்தமில்லாமலா உதறினார்?

அவருக்கு எண்பத்தாறு வயது என்கிறாய். எனக்கும் வயது எழுபத்து மூன்று, அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. சக்கர நாற்காலி என்கிறாய். உட்கார்ந்தபடியே மாலை வாங்கலாம் என்றால் உட்கார்ந்தபடியே பதிலும் சொல்லலாம். உனக்கு ஓய்வுக்கு எட்டு மாதம். எனக்கு முப்பத்தெட்டு வருஷமாக ஓய்வு. குழாய் கொடுத்த ஓய்வு.

ஒன்று யோசித்துப் பார்த்தாயா? நோட்டு வேண்டும் என்று நீ என்னிடமே கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். உன் வேலைக்காக என்றால் பத்தொன்பதையும் தலையில் சுமந்து மாடி ஏறியிருப்பேன். அதைக் கேட்க உனக்கு வாய் வரவில்லை. நான் துக்கப்படுவதைப் பார்க்க முடிந்தது, நான் கொடுப்பதை வாங்க முடியவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நாரை பறவை, கொத்தும். நீ என் டப்பாவில் சாப்பிட்டவன்.

கையேடு, பக்கம் 10: திருத்தக் கோரிக்கைகள் இழுப்பறையில் வைக்கப்படா. சரி, அப்படி எழுதவில்லை. முப்பது வேலை நாளுக்குள் பதில் அளிக்கப்படும் என்று எழுதியிருக்கிறது. அந்த முப்பதும் முடிந்து, மேலே போகும் நாட்களையும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். எண்ணுவது எனக்கு வரும்.

அக்கா


ஆகஸ்ட் 21

தம்பிக்கு,

நீ எழுதவில்லை. நானும் நலம் விசாரிக்கவில்லை.

உன் கடிதம் எல்லாம் தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். எதற்கு நான் போன் பேசுவதில்லை என்று இப்போது புரிகிறதா? பேச்சு காற்றோடு போகும். நீ எழுத்தில் கொடுத்தது என்னிடம் இருக்கிறது. அதை நான் யாருக்கும் அனுப்ப மாட்டேன். அனுப்பினால் அது என் சான்று ஆகிவிடும். எனக்கு வேண்டியது உன் சான்று.

பைண்டர் அண்ணனுக்குக் கடிதம் போட்டேன். ஓய்வு பெற்ற ஊழியர் என்று அவருக்கு விழா அழைப்பு வந்திருக்கிறதாம். எனக்கு வரவில்லை.

அக்கா


செப்டம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நான் நலம். உண்மையாகவே நலம். நேற்று முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பகலில் தூங்கினேன்.

விழா நடந்தது. பெரிய கூடம், முன்வரிசையில் துணைவேந்தர், மேடையில் சக்கர நாற்காலியில் அவர். கழுத்து இன்னும் அப்படியேதான் நீட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் படிப்பறைப் பெயர்ப்பலகை, மேலே பட்டுத் துணி. கணினியை இயக்கிக் காட்டும் வேலை எனக்கு. இப்போதைய தலைமை நூலகர் அம்மா ஒலிபெருக்கியில், "யாராவது ஒரு சொல் சொல்லுங்க, தேடிக் காட்டுறோம்" என்றார். ஒரு மாணவன் "வெள்ளம்" என்றான். நாற்பத்தொரு பக்கம் வந்தது, கை தட்டினார்கள். இன்னொருத்தி "பாலம்" என்றாள். மந்திரி வரவில்லை, மழை வந்தது. கூடமே சிரித்தது. அவர் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து பைண்டர் அண்ணன் குரல். "நாரை!"

அடித்தேன். விரல் நிற்கவில்லை அக்கா. ஒரே ஒரு பதிவு வந்தது, இத்தனை பெரிய திரையில். பழைய ஊழியர்கள் ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். முதலில் ஒருத்தர் இருமினார். அப்புறம் மொத்த வரிசையும் குலுங்கியது. நீ நாலு பேருக்குத்தான் தெரியும் என்று நினைத்தாய், பைண்டர் அண்ணன் அதைக் கட்டிடம் முழுக்க ஒட்டி வைத்திருக்கிறார்.

அவர் திரையை உற்றுப் பார்த்தார். ஒலிபெருக்கியை வாங்கி, "யாருப்பா இந்த நாரையார்? நம்ம லைப்ரரியிலயா இருந்தாரு? நான் பாத்ததே இல்லையே" என்றார்.

தன் புத்தகத்தில் இருப்பதைத் தானே கேட்டார், முந்நூறு பேர் முன்னால்.

நான் எழுந்தேன். "நீங்கதான் ஐயா" என்றேன். "எழுதினது என் அக்கா. கீழ பெருக்கிக்கிட்டு இருந்தாங்களே, அவங்க. நோட்டைத் தூக்கிட்டு வந்ததும் டைப் அடிச்சதும் நான். உங்க கை முன்னுரையில மட்டும்தான்." சத்தமாகத்தான் சொன்னேன். உனக்குக்கூடக் கேட்டிருக்கும்.

சான்றுக் கடிதத்தை ஆகஸ்டிலேயே எழுதிவிட்டேன். உன் படிவத்தோடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் திரிந்தேன். அதை எடுத்துத் தலைமை நூலகர் அம்மாவிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார், 214ஆம் பக்கத்தையும் என் மே மாதக் கடிதத்தின் அலுவலக நகலையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். பலகைப் பக்கம் போன ஆளிடம், "துணியைத் தொடாதீங்க" என்றார். துணி இன்னும் அப்படியே இருக்கிறது.

காரில் ஏற்றும்போது அவர் என்னைப் பார்த்து, "அந்தப் பெருக்குற பொண்ணா? அதுக்கு எழுதத் தெரியுமா?" என்று கேட்டார். அதையும் உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

மறுநாள் காலை பட்டியலைத் திருத்தினார்கள். அச்செடுத்து வைத்திருக்கிறேன், பார். தொகுத்தவர் என்ற இடத்தில் உன் பெயர், முழுப் பெயர், தலைப்பெழுத்தோடு. கீழே குறிப்பு: இந்நூலகத்தின் துப்புரவுப் பணியாளர். அதை எடுத்துவிட வேண்டுமா என்று கேட்டார்கள். அக்கா உதைப்பாள், இருக்கட்டும் என்றேன்.

விசாரணை முடியும்வரை என்னை அலுவலகத்துக்கு வர வேண்டாம் என்றிருக்கிறார்கள். நியாயம்தான். இன்னொன்றும் கேட்கச் சொன்னார்கள்: அந்த ஒரு பதிவு மெய்யானது இல்லை என்பதால் அதை நீக்கலாமா? தொகுத்தவரின் சம்மதம் வேண்டுமாம். எழுத்தில்.

நேரில் வந்து உன் முகத்தைப் பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதமும்.

தம்பி


செப்டம்பர் 30

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா. நலம். நீ பகலில் தூங்கினாய் என்று கேட்டுச் சந்தோஷம். சர்க்கரைக்காரன் அதிகம் தூங்கக் கூடாது.

அச்செடுத்த தாளை என் பேத்தி சட்டம் போட்டு மாட்டலாம் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். சுவரில் மாட்டினால் தூசி படியும், அதையும் நான்தான் துடைக்க வேண்டும். அட்டையோடு சேர்த்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.

நூலகத்துக்கு என் பதிலை நீயே சேர்த்துவிடு: பதிவை நீக்கச் சம்மதம் இல்லை. அது பொய் இல்லை. கொஞ்சம் முந்திப் போய்விட்டது, அவ்வளவுதான். நாள் வரும்போது தேதியை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். "அழுதவர் எவருமில்லை" என்பதில் திருத்தம் தேவைப்படாது. எனக்கு எழுதத் தெரியுமா என்று அவர் கேட்டதற்கும் இதுவே பதில், படித்துக் காட்டு.

அவர் கணக்கு முடிந்தது. உன் கணக்குக்கு வருகிறேன்.

கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. இந்த ஏழு மாதக் கடிதங்களுக்கு ஒரு பொருளடைவு போட்டேன். புது நோட்டு, முதல் பக்கம். உனக்கு ஒரு பிரதி:

அக்கா, அம்மையீர் என விளிக்கப்பட்டது: மே 12, வரி 1.

குழாய், உடைந்தது: பதிவு இல்லை.

குழாய், உடையாதது: ஜூலை 9, வரி 3.

தம்பி, சர்க்கரை: மார்ச் 4; மார்ச் 15; ஏப்ரல் 2; செப்டம்பர் 30.

தம்பி, மௌனம்: மே 19 முதல் ஜூலை 9 வரை; ஜூலை 15 முதல் செப்டம்பர் 22 வரை. அதற்கு முன் முப்பத்தெட்டு ஆண்டுகள்.

தம்பி, எழுந்து நின்றது: செப்டம்பர் 22, பக்கம் 2.

நாரை: காண்க, ஏழாம் பக்கம், மூன்றாம் பத்தி.

மன்னிப்பு: காண்க, நேரில் வருகை.

நேரில் வருகை: பதிவு இல்லை.

அக்கா